யாருக்கு என்று முன்பே தெரிந்துவிட்டால்

சிபாரிசில் ஒருவர் பதவிக்கு வந்துவிட்டால் நாம் எல்லோரும் அந்த ஒருவரைப் பற்றியே பேசுகிறோம். அவருக்கு என்ன தெரியும், யார் சொல்லி வந்தார், எத்தனை நாள் தாங்குவார் என்று. ஹைட்ராலிக் வால்வு உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளில் பல வருடங்களாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்தவரை, தகுதியில்லாமல் வந்த ஒருவர் நேரடியாகச் செய்யும் சேதம் கொஞ்சம்தான். பக்கத்தில் இருப்பவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். அவர் வந்த விதத்தைப் பார்த்த மற்றவர்கள் அதற்கு அப்புறம் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பெரிய நஷ்டம். ஒரு நாட்டின் பொருள் உலகச் சந்தையில் விலைபோகுமா என்பதையும் பெருமளவு அதுதான் முடிவு செய்கிறது என்று நம்புகிறேன்.

நான் கிட்டத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வால்வுக்குள் ஸ்பூல் என்ற உருளைத் தண்டு ஒன்று முன்னும் பின்னும் ஓடும். அதற்கும் அது ஓடும் துளைக்கும் நடுவில் சில மைக்ரான் இடைவெளிதான் இருக்கும். தலைமுடியின் தடிமனில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இடைவெளி கூடினால் எண்ணெய் கசியும், குறைந்தால் ஸ்பூல் சிக்கிக்கொள்ளும். அந்த ஸ்பூலை கிரைண்டிங் செய்ய ஒரு ஆபரேட்டர் இருந்தார். கிரைண்டிங் வீல் தேயத் தேய ஸ்பூலின் அளவு மெல்ல ஏறும். அளவு பார்க்கும் கேஜில் தெரிவதற்கு முன்பே, வீலின் சத்தம் மாறுவதைக் கேட்டு அவர் மெஷினை நிறுத்தி, வீலின் முகத்தைச் சீவிச் சரிசெய்யும் டிரஸ்ஸிங் செய்துவிடுவார். அளவு எந்தப் பக்கம் விலகிப்போகிறது என்று வரைந்து பார்க்கும் கண்ட்ரோல் சார்ட் போட, யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டவர். ஷிஃப்ட் முடிந்த பிறகு நான்கைந்து இளைஞர்களை உட்கார வைத்து டிராயிங் படிக்கச் சொல்லித் தருவார். அதற்காக அவருக்கு யாரும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுத்ததில்லை.

சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது, நேர்காணலும் நடந்தது. ஆனால் அந்த இடம் மேலே இருக்கும் ஒருவரின் உறவினருக்கு என்று அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். வந்தவர் மோசமானவர் இல்லை. மரியாதையாகப் பேசுவார், நேரத்துக்கு வருவார், தெரியாததைக் கேட்பார். ஆறு மாதம் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் தேறிவிடக்கூடியவர்.

அந்த ஆபரேட்டர் சண்டை போடவில்லை, வேலையை விடவும் இல்லை. வேலை வழிமுறைத் தாளில் எத்தனை பீஸுக்கு ஒருமுறை டிரஸ்ஸிங் என்று எழுதியிருந்ததோ அதை மட்டும் செய்ய ஆரம்பித்தார். சத்தம் மாறினாலும் கை அசையாது. அவர் மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது, தாளில் இருப்பதைத்தானே செய்கிறார். சார்ட் போடுவது நின்றது. அளவு தவறித் தள்ளப்படும் பீஸ்களின் எண்ணிக்கை, அதாவது ரிஜெக்‌ஷன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மாதாந்திரக் கூட்டத்தில் வீல் சப்ளையர் சரியில்லை, கூலண்ட் சரியில்லை, மெட்டீரியல் சரியில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். மாலை வகுப்பும் நின்றுபோனது. அதில் வந்துகொண்டிருந்த ஒரு பையனிடம், ஏன் படிப்பதை விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

"அண்ணனே இவ்வளவு கத்துக்கிட்டு என்ன சார் ஆச்சு? நான் எதுக்கு?" என்றான்.

அவன் சோம்பேறி இல்லை. கணக்குப் போட்டிருக்கிறான், அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கிறது. கற்றுக்கொள்வதற்கு மாலை நேரம் செலவாகிறது, தூக்கம் செலவாகிறது. அதற்குப் பலன் இல்லை என்று கண்ணெதிரே தெரிந்தால் அந்த நேரத்தை வேறு எதிலாவது போடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு பையன் இப்படி முடிவெடுத்தால் ஒரு லைனில் ரிஜெக்‌ஷன் ஏறும். லட்சக்கணக்கான பேர் எடுத்தால் ஒரு நாடே விலையிலும் தரத்திலும் பின்தங்கும். மலிவான கூலி, வரிச்சலுகை, புதுத் துறைமுகம் என்று எதைக் கொடுத்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

இது என் அனுபவத்தில் மட்டும் நடந்த கதை இல்லை. நிக்கோலஸ் புளூம், ஜான் வான் ரீனன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய 4 நாடுகளில் 732 நடுத்தர உற்பத்தி நிறுவனங்களின் நிர்வாகத்தை அலசி 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மோசமான நிர்வாகம் எங்கே அதிகம் என்று பார்த்தால் இரண்டு இடங்களில் அதிகம். ஒன்று, போட்டி குறைந்த சந்தை. இன்னொன்று, குடும்ப நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு மூத்த மகனுக்கு வழிவழியாகப் போகும் இடம். குடும்பம் சொந்தக்காரராக இருப்பதில் மட்டும் பிரச்சினை இல்லை. சொத்து குடும்பத்திடமே இருந்து, நடத்துபவரை வெளியிலிருந்து தேர்ந்தெடுத்த நிறுவனங்கள் நன்றாகவே நடந்தன. நாற்காலி யாருக்கு என்று பிறக்கும்போதே முடிவாகிவிட்ட இடத்தில்தான் சிக்கல். அந்த மகனுக்கு உழைத்துக் கற்க அவசியம் இல்லை. அவனுக்குக் கீழே இருக்கும் திறமைசாலிகளுக்கும் அவசியம் இல்லை, எவ்வளவு ஓடினாலும் அந்த நாற்காலி வரப்போவதில்லையே.

நலிந்துபோன நிறுவனங்களில்தான் மகனை உட்கார வைக்கிறார்களோ என்னவோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு டென்மார்க்கில் ஓர் அழகான வழியில் விடை தேடினார்கள். பதவி விலகும் தலைவரின் முதல் குழந்தை ஆண் என்றால் நிறுவனம் குடும்பத்துக்குள்ளேயே கைமாறும் வாய்ப்பு அதிகம், பெண் என்றால் குறைவு. முதல் குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கும் நிறுவனத்தின் நிலைமைக்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. அதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாரிசு பொறுப்பேற்ற நிறுவனங்களில் சொத்தின் மேல் கிடைக்கும் செயல்பாட்டு லாப விகிதம் குறைந்தது 4 சதவீதப் புள்ளிகள் விழுந்திருந்தது. உலகச் சந்தையில் ஒன்றிரண்டு சதவீத லாபத்துக்குத் திண்டாடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த 4 என்ன என்பது புரியும். பெண் குழந்தைகளுக்கு வாரிசு வரிசையில் குறைந்த வாய்ப்பே கொடுத்திருக்கிறார்கள் என்பதும் இதே ஆய்வில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அது தனியாகவே ஒரு நஷ்டம், பின்னால் வருகிறேன்.

நாடு என்ற அளவில் எனக்கு மறக்க முடியாத உதாரணம் இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் வேகமாக வளர்ந்த நாடு. இயந்திரங்கள், வாகனங்கள், ஜவுளி, தோல் பொருட்கள் என்று எதில் அவர்களுக்குக் கைவண்ணம் இல்லை? என் தொழிலிலேயே இத்தாலிய இயந்திரங்களை மதிப்பவர்கள் அதிகம். அப்படிப்பட்ட நாட்டில் 1990களின் நடுவிலிருந்து உற்பத்தித்திறன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. புரூனோ பெல்லெக்ரினோ, லூயிஜி ஜிங்காலெஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் காரணம் தேடினார்கள். சீனப் போட்டியா, தொழிலாளர் சட்டங்களா, அரசாங்கத்தின் திறமையின்மையா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த இடம், அந்தக் காலத்தில் உலகம் முழுக்க வந்த கணினிப் புரட்சியை இத்தாலிய நிறுவனங்கள் பயன்படுத்திக்கொள்ளத் தவறின என்பது. ஏன் தவறின? மேலாளர்களைத் திறமை பார்க்காமல் விசுவாசம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, விசுவாசத்துக்கே பரிசும் கொடுத்ததால்.

முதலில் படித்தபோது கணினிக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்கும் தோன்றியது. தொழிற்சாலையில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். கணினி வந்தால் எந்த மெஷினில், எந்த ஷிஃப்டில், யார் கையில் எவ்வளவு நல்ல பீஸ் வந்தது என்பது மணிக்கணக்கில் தெரியும். தெரிந்த பிறகு நன்றாகச் செய்பவரை உயர்த்தி, செய்யாதவரை மாற்றினால்தான் அந்தத் தகவலால் லாபம். யாரை உயர்த்துவது என்று வேறு காரணத்துக்காக ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட இடத்தில் அந்தத் தகவல் யாருக்கும் வேண்டாதது, சில சமயம் சங்கடமானதும்கூட. கணினியை வாங்கிப் பில் அடிக்க வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

விசுவாசம் பார்ப்பவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் ஓடினால் வழக்கு முடியப் பல வருடங்கள் ஆகும் நாட்டில், தெரிந்தவரைப் பெட்டியடியில் உட்கார வைப்பது பாதுகாப்பு. இத்தாலியிலும் பல காலம் அந்த முறை வேலை செய்தது. வேகமாக மாற வேண்டிய காலம் வந்தபோதுதான் அது காலை வாரியது. ஆகவே தகுதி பார்த்து ஆள் எடுங்கள் என்று நிறுவனங்களுக்குப் போதிப்பதோடு, ஏமாற்றியவனைச் சீக்கிரம் பிடித்துத் தண்டிக்கும் நீதிமன்றத்தையும் ஒரு நாடு தர வேண்டும். அது இல்லாவிட்டால் நல்ல முதலாளிகூட மைத்துனரைத்தான் தேடுவார்.

அரசாங்க வேலைக்கு வந்தால் விஷயம் இன்னும் கனமானது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில், தேர்தலில் ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு அரசுப் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது சாதாரண நடைமுறை. 1881இல் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டவர், பாரிஸில் தூதரகப் பதவி கேட்டுக் கிடைக்காமல் போன சார்லஸ் கீட்டோ. அடுத்து வந்த செஸ்டர் ஆர்தர், கட்சிச் செல்வாக்கால் நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர். அவரே 1883இல், தேர்வு வைத்து ஆள் எடுக்கும் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொடக்கத்தில் மத்திய அரசுப் பணிகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குத்தான் அது பொருந்தியது. பிறகு படிப்படியாக விரிந்தது. பீட்டர் எவன்ஸ், ஜேம்ஸ் ரவுச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 35 வளரும் நாடுகளை எடுத்து 1970 முதல் 1990 வரை பார்த்தார்கள். அதிகாரிகளைத் தகுதியால் எடுத்து, ஒழுங்கான பதவி உயர்வு வைத்திருந்த நாடுகள் வேகமாக வளர்ந்திருந்தன. தொடக்கத்தில் இருந்த வருமானத்தையும் கல்வி நிலையையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

நிறுவனங்களுக்கு நடுவிலும் இதே கதைதான். இந்தோனேசியாவில் சுகார்த்தோ ஆட்சியின் கடைசி வருடங்களில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று வதந்தி கிளம்பும்போதெல்லாம், அவருக்கு நெருக்கமான நிறுவனங்களின் பங்கு விலை மற்றவற்றைவிட அதிகமாக விழுந்ததைப் பொருளாதார ஆய்வாளர் ரேமண்ட் ஃபிஸ்மன் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது அந்த நிறுவனங்களின் மதிப்பில் ஒரு கணிசமான பகுதி ஒரு தனிமனிதரின் உடல்நிலையில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் புது மெஷின் வாங்க யாருக்குத் தோன்றும்? பணம் உறவை வளர்ப்பதற்குப் போகும்.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். தகுதி, தகுதி என்று பேசுகிற பலர், வரிசையில் நிற்பவர்களில் யார் முதல் என்பதை மட்டும் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்கவே விடாதவர்களை யாரும் எண்ணுவதில்லை. சாண்ட்ரா டே ஓ'கானர் 1952இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டப் படிப்பை மிக நல்ல தரத்தில் முடித்தார். தனியார் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து அவருக்கு வந்த வேலை, வழக்கறிஞரின் செயலாளர் வேலை. 1981இல் அவர்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். அவர் தாண்டி வந்துவிட்டார். அவரைப் போலவே படித்துவிட்டுத் தட்டச்சு செய்துகொண்டே ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர்?

இதை ஒரு நாட்டின் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் சாங்-டாய் ஷியே, சார்லஸ் ஜோன்ஸ் உள்ளிட்ட 4 பொருளாதார அறிஞர்கள். 1960இல் அமெரிக்காவில் மருத்துவர், வழக்கறிஞர் தொழில்களில் இருந்தவர்களில் 94 சதவீதம் வெள்ளை இன ஆண்கள். 2010இல் அது 62 சதவீதம். பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் அடைத்துக்கிடந்த கதவுகள் திறந்ததால், யாருக்கு எது வருமோ அந்த வேலைக்கு அவர்கள் போக முடிந்தது. அந்த 50 வருடங்களில் தலா உற்பத்தி வளர்ந்ததில் 20 முதல் 40 சதவீதம் வரை இந்த ஒரு மாற்றத்தால் வந்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. புதுக் கண்டுபிடிப்பு, புது எண்ணெய்க் கிணறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இருந்த மனிதர்களைச் சரியான இடத்தில் வைத்ததே போதுமானதாக இருந்தது.

அந்தக் கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. அதே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பாளர்களின் பின்னணியைத் தேடிய ஆய்வு ஒன்று, வருமானத்தில் மேல் 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் கண்டுபிடிப்பாளர் ஆகும் வாய்ப்பு, கீழ்ப் பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளைவிட 10 மடங்கு என்று காட்டியது. மூன்றாம் வகுப்பில் கணக்கில் ஒரே அளவு கெட்டியாக இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டாலும், ஏழை வீட்டுப் பிள்ளை பின்தங்கியது. சுற்றுவட்டாரத்தில் கண்டுபிடிப்பாளர் யாரையும் பார்த்ததே இல்லை என்பது ஒரு பெரிய காரணம். இறுதிச் சுற்றில் மட்டும் மதிப்பெண் பார்த்துவிட்டு 'தகுதியே முதல்' என்பவர்களிடம் இந்த ஒரு ஆய்வை வைத்துத்தான் நான் வாதாடுவேன். திறமை அதற்கு முன்பே உதிர்ந்துவிடுகிறது.

மதிப்பெண் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். சீனாவில் அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுக்கும் முறை சுமார் 1300 வருடங்கள் இருந்து 1905இல் ஒழிக்கப்பட்டது. விடைத்தாளில் பெயரை மறைத்து, கையெழுத்து அடையாளம் தெரியாமல் இருக்கப் பிரதி எடுத்துத் திருத்திய காலம்கூட அதில் உண்டு. அந்த அளவு நேர்மை. ஆனால் சோதித்தது பெரும்பாலும் பழைய நூல்களின் அறிவையும் கட்டுரை நயத்தையும். நாட்டின் கூர்மையான மூளைகள் தலைமுறை தலைமுறையாக அதற்கே போயின. நேர்மையாக நடத்தினால் மட்டும் போதாது, செய்யப்போகிற வேலைக்குத் தேவையானதைச் சோதிக்க வேண்டும்.

நாங்கள் தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுக்கும்போது இப்போது ஒரு ஸ்பூலையும் அதை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றையும் மேசை மேல் வைத்துவிடுகிறோம். மைக்ரோமீட்டரில் ஜீரோ கொஞ்சம் விலகியிருக்கும், அதைச் சொல்ல மாட்டோம். சான்றிதழ்களைக் கனமாக அடுக்கி வந்த சிலர் எடுத்த எடுப்பில் அளந்து நான்கு தசம எண்களில் விடை எழுதுவார்கள். வேறு சிலர் முதலில் அளக்கும் இரண்டு முகப்பையும் துணியால் துடைப்பார்கள், மூடி ஜீரோ பார்ப்பார்கள், அளவோடு அழுத்த உதவும் ராட்செட்டைத் திருப்பிச் சத்தம் கேட்பார்கள். "சார், இது கூடக் காட்டுது, கழிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்ட ஒரு பெண்ணின் படிப்பு நாங்கள் விளம்பரத்தில் கேட்டதைவிட ஒரு படி குறைவு. அந்த ஒரு தகுதிக் கோட்டை வைத்து விண்ணப்பத்தைத் தள்ளியிருந்தால் அந்தக் கையை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். அதன்பிறகு விளம்பரத்தில் அந்த வரியை எடுத்துவிட்டோம். கிடைக்காதவர்களுக்கும் எதில் விட்டார்கள் என்று எழுதிக் கொடுக்கிறோம். அதில் சிலர் அடுத்த தடவை அதைக் கற்றுக்கொண்டு திரும்ப வருகிறார்கள். உறவினர் விண்ணப்பித்தால் சம்பந்தப்பட்டவர் குழுவில் உட்காரக் கூடாது என்ற விதியும் உண்டு. முதலில் முணுமுணுப்பு இருந்தது, இப்போது பழகிவிட்டது.

ஒரு நாடு இதை எங்கே தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் சுங்க அலுவலகம், ஆராய்ச்சி நிதி எல்லாவற்றுக்கும் முன்னால் ஆசிரியர் நியமனத்தைச் சொல்வேன். காசு கொடுத்தோ ஆளைப் பிடித்தோ வகுப்பறைக்கு வந்த ஒருவர், கணக்கில் கெட்டியான அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவர் எப்படி வந்தார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்கும் தெரியும். மற்ற பதவிகளில் தவறான நியமனத்தைப் பார்த்துக் கற்பதை விடுபவர்கள் கூடவே வேலை செய்பவர்கள். பள்ளியில் அதைப் பார்ப்பது, இன்னும் கற்கவே தொடங்காதவர்கள். ஆசிரியர் தேர்வில் எதைச் சோதிக்கிறோம் என்பதை முன்கூட்டியே வெளியிட்டு, பாடம் நடத்திக் காட்டச் சொல்லி, மதிப்பெண்களை எல்லோரும் பார்க்கும்படி வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. செய்துவிட முடிகிற காரியம் இது, அடுத்த நியமனத்திலேயே.